வீட்டுக்குள் தொற்று பரவாமல் தடுக்க

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பில் சில வீடுகளில் காய்ச்சல், இருமல். அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளே வைரஸ் பரவத் தொடங்கலாம். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

1. நோயாளிக்குத் தனி அறை கொடுங்கள். இடமில்லையா? ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகில் இருக்கும்போது இருவருமே மாஸ்க் போடுங்கள். தரையைத் திரும்பத் திரும்பத் துடைப்பதைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.
2. ஒருவர் மட்டும் கவனித்துக்கொள்ளட்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள் வேண்டாம்.
3. சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள்.
4. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால்தான் வெளியே வரலாம்.
5. மூச்சுத்திணறல், உதடு நீலமாதல்: உடனே மருத்துவமனை.

மருந்தோ சாப்பாடோ வாசலில் வைக்க வேண்டிய வீடுகள் இன்று இரவு 8 மணிக்குள் வீட்டு எண்ணைப் பதிவிடுங்கள். மற்றவர்கள் ‘படித்தேன்’ என்று பதில் போடுங்கள்.