எண்ணூர், திருவொற்றியூர் பகுதிக்குக் குடிமைப் பாதுகாப்பு வசதிகள் கோரும் மனு

அனுப்புநர்
எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் பகுதிப் பொதுமக்கள்,
சென்னை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராஜாஜி சாலை, சென்னை.

பொருள்: கரண்ட் இல்லாதபோதும் ஒலிக்கும் சைரன், தெருவாரி வெளியேறும் வழி, தொண்டர் பயிற்சி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2025 மே 7 அன்று நாடெங்கும் குடிமைப் பாதுகாப்பு (போர், பேரிடர் நேரத்தில் பொதுமக்களைக் காக்கும் ஏற்பாடு) ஒத்திகை நடந்தபோது சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் வான்தாக்குதல் எச்சரிக்கை, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. வடசென்னைக்கு அது மட்டும் போதாது. வான்தாக்குதல் என்றால் கீழ்த்தளம், வெள்ளம் என்றால் மாடி. குளோரின் நச்சுவாயு காற்றைவிடக் கனமானது, அது கசிந்தாலும் மாடிதான். அமோனியா வாயு என்றால், கசிவுக்கு அருகில் இருப்பவர் விலகி ஓட வேண்டும். தள்ளி இருப்பவர் சன்னலை அடைத்து, ஏசியை அணைத்து உள்ளேயே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஊளைச் சத்தம் என்றால் பாதிப்பேர் தப்பான பக்கம் ஓடுவார்கள். ஆகவே சைரனைத் தொடர்ந்து, என்ன ஆபத்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தமிழில் ஒலிபெருக்கி அறிவிப்பு வர வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். அமோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனால் திரவமாக இருந்து கசியும்போது குளிர்ந்து, ஈரக்காற்றோடு சேர்ந்து தரையோடு தவழும். வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசும் மாதங்களில் கடலோரச் சாலையில் தெற்கே ஓடுகிறவர் வாயுவோடு சேர்ந்தே ஓடுகிறார். காற்றுக்குக் குறுக்கே, அதாவது மேற்கே ஒதுங்க வேண்டும். அங்கே ரயில் பாதை குறுக்கிடுகிறது. கேட் மூடியிருந்தால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். எச்சரிக்கை வந்ததும் ரயிலை நிறுத்திக் கேட்டைத் திறக்க ரயில்வேயுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அதை இரவு நேரத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். பகல் 4 மணிக்குப் பார்க்கும் ஒத்திகை புகைப்படத்துக்குத்தான் உதவும்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்ட ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு காற்றுத்துணி கட்டினால் போதும், செலவு சொற்பம். வீசுவது வாடையா, கொண்டலா (கிழக்குக் காற்றா) என்று அறியக் குப்பத்து மீனவர்களுக்கு அதுகூட வேண்டாம், மற்றவர்களுக்கு வேண்டும்.

மின்சார சைரனை மட்டும் நம்ப முடியாது. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும். செல்போன் கோபுரமும் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தால் ஊமையாகிவிடும். எனவே 24 மணி நேரமும் ஆள் இருக்கும் காவல் நிலையம், தீயணைப்பு நிலையங்களில் கையால் சுழற்றும் சைரன் வைத்து, மாதம் ஒருமுறை சுழற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கைப்பிடி அவசரத்தில் சுற்றாது.

வான்தாக்குதலின்போது ஊரே இருட்டாக இருக்கச் செய்யும் விளக்கணைப்பு ஒத்திகையில் இன்னொரு ஓட்டை உண்டு. துணைமின் நிலையத்தில் லைனை அணைத்தாலும் சோலார் தெருவிளக்கும் இன்வெர்ட்டர் பல்பும் எரிந்துகொண்டே இருக்கும். இவற்றை யார் அணைப்பது என்று தெருவாரியாக ஆள் குறிக்க வேண்டும்.

1968ஆம் ஆண்டு குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி எந்தப் பகுதிக்கும் குடிமைப் பாதுகாப்புப் படை அமைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் பகுதிக்கு அதை அமைக்கப் பரிந்துரைத்து, தெருவுக்கு 4 பேர், அதில் 2 பேர் பெண்கள் என்று பயிற்சி அளிக்கக் கேட்டுக்கொள்கிறோம். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. கண்ணில் அமோனியா பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவுவது, வாயு பட்ட துணியை உடனே களைவது, சிலிண்டர் கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடுவது ஆகியவற்றை நோட்டீஸில் படித்தால் போதாது, கையால் செய்து பழக வேண்டும். தெருவுக்கு ஒரு பெட்டியில் டார்ச், விசில், கயிறு, ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பொருட்கள், கைஒலிபெருக்கி தேவை. சாவி தொண்டர்களிடமே இருக்கட்டும். வார்டு அலுவலகத்தில் பூட்டி வைத்தால் இரவில் கிடைக்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பகுதிப் பொதுமக்கள்

இடம்: திருவொற்றியூர்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், தெரு வரைபடம்