அசுவினியும் எங்கள் அறியாமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ் வேளாண் பக்கத்தில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பற்றி, "விவசாயிகளின் அறியாமையே அசுவினி பெருகக் காரணம், செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டானிக் தெளித்தால் போதும்" என்று ஒரு வரி. ரொம்ப நன்றி.

நான் முப்பது வருஷமாக அவரை போடுகிறவன். அந்த மாதிரி டானிக் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர், 'இதை வாங்கினால்தான் யூரியா' என்று என் தலையில் கட்டினார். சரி, அடித்தேன். பத்தாம் நாள் பூங்கொத்தைத் திருப்பினால் காம்பே தெரியாமல் அசுவினி கறுகறுவென்று அப்பிக் கிடக்கிறது, கீழ் இலையெல்லாம் பிசுபிசு, அதை நக்க எறும்பு வரிசை வேறு.

செடிக்குத் தற்காப்பு தெரியாமலா இருக்கிறது? அசுவினி ஊசிவாயைக் குத்தியதும் செடியில் ஊறும் சாலிசிலிக் அமிலம் உள்ளே சேதி சொல்வதும், செடி ஒரு வாசனை விட்டு அசுவினியைத் தின்னும் பொறிவண்டை வரவழைப்பதும் உங்களுக்குத் தெரியாததா? யூரியாவைக் கொட்டினால் தழை கொழுகொழுவென்று வரும், சாற்றில் அமினோ அமிலம் ஏறும், ஆண் துணையே இல்லாமல் குட்டி போடுகிற பூச்சிக்குப் பந்தி விரித்த மாதிரிதான். அவரை தன் வேரிலேயே தழைச்சத்து சேர்க்கிற பயிர். அதற்கும் "பச்சை கட்ட மேலுரமாக யூரியா இடுங்கள்" என்று எழுதியது உங்கள் இதே பக்கம்தான். நானும் வெட்டி ஒட்டி வைத்து, அப்படியே செய்தேன். அது அறியாமை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

2012-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், அசுவினி ஆபத்து வந்தால் விடும் வாசனையைக் கோதுமையே விடும்படி மரபணு மாற்றி வயலில் விதைத்தார்களே, அதை அரைப் பக்கத்துக்குப் போட்டீர்கள். வயலில் அசுவினி குறையவில்லை என்று 2015-இல் அவர்களே வெளியிட்டார்கள். அதற்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் செடியில் முதலைக் குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்தது. ஏதோ புதுப் பூச்சி என்று ஆள் விட்டுப் பொறுக்கி நசுக்கச் சொன்னேன், கூலியும் கொடுத்தேன். பொறிவண்டின் குஞ்சாம் அது, நாளெல்லாம் அசுவினியைத் தின்கிற ஜீவன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷம் சந்தா கட்டியும் உங்கள் பக்கத்தில் அதன் படத்தை நான் பார்த்ததில்லை.

கேட்பது இவ்வளவுதான். "வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், ஹெக்டேருக்கு இத்தனை" என்று போடாமல், 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு என்று போடுங்கள். அப்புறம் அந்தக் குஞ்சின் படம் ஒன்று. கறுப்பு வெள்ளையில் வேண்டாம், ஆரஞ்சுப் புள்ளி தெரியணும்.

இப்படிக்கு,
அறியாமை மிகுந்த ஓர் அவரை விவசாயி,
ஒட்டன்சத்திரம் பக்கம்