மட்கு உரம்: செய்துகாட்டிக் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம ஊராட்சிகளில் குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரித்து வாங்கும் முறை வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தூய்மைக் காவலர்கள் வண்டியோடு வீடு தேடி வருகிறார்கள். பல ஊர்களில் உரக்குழிகளும் கொட்டகைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் குழிக்குள் போட்டது எப்படி உரமாகிறது என்பதை மக்களுக்குச் சொல்லித் தரும் வேலை அதே அக்கறையோடு நடக்கவில்லை என்பதே என் வருத்தம்.

சாணம், பச்சைத்தழை, காய்கறிக் கழிவு ஆகியவற்றில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். வைக்கோல், சருகு, கரும்புத் தோகை ஆகியவற்றில் கரிமம், அதாவது கார்பன், அதிகம். குவியலில் தழைச்சத்தைப் போல 25 முதல் 30 மடங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். வைக்கோலில் இது 80 மடங்கை ஒட்டி இருப்பதால்தான் வைக்கோலை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் மட்காமல் கிடக்கிறது. அடுப்படிக் கழிவை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் நாறி ஈ மொய்க்கிறது. இந்தக் கணக்கை விவசாயி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று அடுக்கி, இடையிடையே சாணக் கரைசலைத் தெளிக்கச் சொன்னால் போதும். ஈரம் சரிதானா என்பதை, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிகிறதா என்று பார்த்தே அறியலாம். குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டால் சூடு தெரியும்; 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் அந்தச் சூடு நின்றால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டராவது இல்லாத குவியலில் சூடு தங்காது. சூடு தணிந்ததும் புரட்டிவிட வேண்டும். இவையெல்லாம் கை பழகிக் கற்க வேண்டியவை. கிராம சபையில் அரை மணி நேரம் பேசிவிட்டுத் துண்டறிக்கை கொடுப்பதால் வந்துவிடாது.

பயிற்சி என்றாலே மண்புழு உரத்தில் தொடங்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மண்புழு உரம் நல்லதுதான். ஆனால் அதற்கு நிழலும் விடாத ஈரமும் வேண்டும், சூடு அடங்காத புதுச் சாணத்தில் விட்டால் புழுக்கள் செத்துவிடும். காலையில் கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பத்துக்குச் சாதாரணக் குவியலே முதலில் ஏற்றது.

கரும்பு வெட்டியதும் தோகைக்குத் தீ வைப்பது இன்னும் நிற்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலையாகக் குவிகிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் இட்டு மட்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. வழி தெரிந்திருந்தும் அது குக்கிராமம் வரை நடந்து வரவில்லை.

ஆகவே குடியிருப்புக்கு ஒரு கொல்லைப்புறத்தைத் தேர்ந்து, குவியல் போடும் நாளிலிருந்து உரத்தைச் சலித்து வயலில் இடும் நாள் வரை, மகளிர் சுய உதவிக் குழுவினரை உடன் வைத்து, வேளாண் அறிவியல் நிலையத்தாரும் வேளாண் அலுவலர்களும் மூன்று நான்கு மாதங்கள் தொடர்ந்து வந்து கற்பிக்க வேண்டும். ஷாம்பு உறையும் பால் பாக்கெட்டும் குழந்தைகளின் டயப்பரும் குழியில் விழுந்தால் அவை உரத்தோடு வயலுக்கே வந்து சேரும் என்பதையும் சலிக்கும்போதே கண்ணால் காட்டிவிடலாம். ஊராட்சிக் கொட்டகையில் விளையும் உரத்தில் ஒரு பங்கு, குப்பையைப் பிரித்துக் கொடுத்த வீடுகளுக்கே திரும்பி வர வேண்டும். பலன் கைக்கு வராத வேலையை எவரும் நெடுநாள் செய்யமாட்டார்கள்.

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் மிகுந்திருக்கும் மாசியில் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்குள் உரம் தயாராகிவிடும். வேளாண்மைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து, எந்தெந்தக் குடியிருப்புகளில் யார் கற்பிப்பார்கள் என்பதை அதற்கு முந்தைய கிராம சபைக் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
விழுப்புரம் மாவட்டம்.