அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

பிலடெல்பியாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு மாதம் ஆகிறது. "யாருமில்லாத ஊரில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்காதவர்கள் இல்லை. எங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் எபிஸ்கோப்பல் சபையின் குருவானவருக்கு. நம் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் உலகக் கூட்டில், இருப்பதால், இங்கே வந்த நாள் முதல் எங்களுக்கு அதுதான் கோயில். எங்கள் குருவானவர் பெண். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பா அவரை "வாங்க ஐயரம்மா" என்று வரவேற்று, "ஐயர் வரலையா?" என்று கேட்டார். நம் பக்கம் ஐயரம்மா என்றால் குருவானவரின் மனைவி அல்லவா! "இவங்கதான்ப்பா ஐயர்" என்றேன். அவர் கழுத்துப்பட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா கைகூப்பினார்.

ஐ.சி.யு. வாசலில் விழித்திருந்த இரவுகளில் குருவானவர் தன் கதையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னார். இருபது ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவர். தேவ அழைப்பு உண்டென்று சொன்னதும் யாரும் உடனே அங்கியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் சொந்தச் சபையார் சிலர் மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து ஜெபித்து விசாரித்தார்கள். பிறகு பேராயர், மூன்றாண்டு இறையியல் படிப்பு, குருவுக்கு முந்தைய படியான டீக்கனாகச் சில மாதங்கள். அதற்கப்புறம்தான் குருப்பட்டம்.

இதே பிலடெல்பியாவில், 1974 ஜூலை 29 அன்று, சர்ச் ஆஃப் தி அட்வகேட் ஆலயத்தில் 11 பெண்கள் சபையின் அனுமதிக்குக் காத்திராமல் குருப்பட்டம் பெற்றார்கள். பெண்களும் குருவாகலாம் என்று சபைச் சட்டம் மாறியது 1976இல்தான். அன்று சிலுவை ஏந்தி முன்னே நடந்த பார்பரா ஹாரிஸ் 1989இல் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முதல் பெண் பேராயரானார். "அவர்கள் துணிந்திராவிட்டால் நான் இன்றும் நர்ஸாகத்தான் உங்கள் அப்பா பக்கத்தில் நின்றிருப்பேன்" என்றார் எங்கள் குருவானவர்.

அந்த நர்ஸ் அவருக்குள் இன்னும் இருக்கிறார். மானிட்டர் சத்தம் கேட்டு அம்மா பதறும்போதெல்லாம், "அதைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள்" என்பார். அவர் சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவு டப்பி ஒன்று தொங்கும். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. கடைசி நாளன்று அதைத் தொட்டு அப்பாவின் நெற்றியில் சிலுவை வரைந்து, 23ஆம் சங்கீதத்தை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்த அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. அதைப் பார்க்க வைத்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அடக்க ஆராதனையில் பெட்டி நிறைய பூ வைக்க வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டார். இங்கே கோயிலுக்குள் பெட்டியை ஒரே வெள்ளைத் துணியால்தான் மூடுகிறார்கள், ஏழைக்கும் பணக்காரருக்கும் அதேதான். அதை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்ன குருவானவர், பூக்களையெல்லாம் கல்லறைக்குக் கொண்டுவரச் செய்தார். துணியின் ஒரு முனையை அம்மாவே விரித்தார்.

என் போனில் இரண்டே முறை கேட்டு, அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனையை ஆர்கனில் வாசித்தவருக்கும், வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டு வைத்திருந்த பீடப் பணிக் குழு அம்மாக்களுக்கும், பனியில் எங்களைக் காரில் ஏற்றி இறக்கிய சபை மூப்பர்களுக்கும் நன்றி. தமிழ்க் குடும்பங்களே, ஆராதனைக்குப் பின் நீங்கள் பாரிஷ் ஹாலில் சோறும் சாம்பாரும் வைத்தீர்கள், சபையார் கேக்கும் சூப்பும் வைத்தார்கள். ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததைப் பார்த்து, "நம்ம ஊர் அசனம் மாதிரியே இருக்கு" என்று, சபையார் கூடி உண்ணும் நம் கோயில் விருந்தை நினைத்துச் சொன்னார் அம்மா. அப்பா போனபின் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். நீல மூடி டிபன்பாக்ஸும் இரண்டு கண்ணாடித் தட்டுகளும் யாருடையவை என்று தெரியவில்லை. வரும் ஞாயிறு ஹாலில் வைக்கிறோம். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார். டிபன்பாக்ஸ் வெறுமையாகத் திரும்பாது.