பாஸ்போர்ட் மாறினால் துரோகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிக்கொள்பவர்களைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் வந்த கடிதத்தைப் படித்தேன். இங்கே படித்து ஆளாகிவிட்டு இந்திய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடுவது துரோகம் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் துரோகம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பிழைக்கப் போன நாட்டில் குடியுரிமை இல்லாமல் காலம் தள்ளினால் என்ன ஆகும் என்று, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடியில் எங்கள் பக்கம் வந்து கேட்டால் வீட்டுக்கு வீடு சொல்வார்கள்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பா அங்கே சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தார். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது, அங்கே வாழ்ந்த இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருந்தது. நிறைய பேர் விண்ணப்பிக்கவில்லை. அப்பாவும்தான். "நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடப் போகிறோம், இதெல்லாம் எதற்கு?" என்பாராம். கடை நன்றாக நடந்தது, நாங்கள் பிறந்தோம், ஊருக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. வெளிநாட்டவர் பதிவுச் சீட்டோடுதான் அத்தனை வருஷமும் ஓடியது. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அப்புறம் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் அந்த நாட்டுப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பல் ஏறும் முன் நடந்த சோதனையில் அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். காது தூர்ந்துவிடக் கூடாதென்று ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டுதான் அம்மா மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்.

காகிதம் வாங்கியிருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே தங்கிவிட்டவர்களும் பட்டார்கள். 1982இல் வந்த சட்டம் குடியுரிமையையே மூன்று தரமாகப் பிரித்துவிட்டது. ஆனால் ஓர் ஊரில்தான் வாழப்போகிறோம், பிள்ளைகள் அங்கேதான் வளரப்போகிறார்கள் என்று ஆன பிறகு, சட்டப்படி அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மகளும் மருமகனும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருஷம் முழுக்க நம்மூர்ப் புழுக்கம்தான், மழை மட்டும் கூட. தமிழ் அங்கே 4 ஆட்சிமொழிகளில் ஒன்று. பேரன் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறான். அவர்கள் குடும்பத்தோடு நிரந்தரவாசம், அதாவது பி.ஆர்., வாங்கி, இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பி.ஆர். கிடைத்து 2 ஆண்டுகளாவது ஆன, 21 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் என்பது கிடையாது. நிராகரித்தால் ஏன் என்று காரணமும் சொல்ல மாட்டார்கள்.

இதில் எங்களை அதிகம் அலைய வைத்தது நம்மூர்க் காகிதங்கள்தான். மகள் ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் இல்லை. 'பெண்' என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் பிறந்ததும் பதிந்துவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம்தான், அதைப் போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. மாநகராட்சியில் பெயரைச் சேர்த்து, பாரிமுனையில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினேன். பார்த்தால் மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அவள் அப்பாவின் முழுப்பெயர், கல்யாணப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் இதையெல்லாம் இப்போதே எடுத்துப் பார்த்துச் சரி செய்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடுவது பெரிய கஷ்டம்.

எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது பேரனை வைத்துத்தான். வேலை அடிப்படையில் பி.ஆர். வாங்கும் தகப்பனுக்கு அங்கே தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்றவற்றில் கட்டாயச் சேவை, கிடையாது. அவரோடு சேர்ந்து பி.ஆர். வாங்கும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு செய்ய வேண்டும், 18 வயது வாக்கில் 2 ஆண்டு முழுநேரச் சேவை, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். 13 வயது ஆனதும் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். சேவையைத் தவிர்த்தால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், 3 ஆண்டு சிறை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. சேவை செய்யாமல் பி.ஆரைத் துறந்தால், பின்னாளில் படிப்புக்கோ வேலைக்கோ அங்கே விண்ணப்பிக்கும்போது அதைப் பாதகமாக எடுத்துக்கொள்வார்கள்.

பையனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் பி.ஆர். வாங்கலாமே என்று உறவில் சிலர் யோசனை சொன்னார்கள். எனக்குச் சம்மதமில்லை. அந்த நாட்டுப் பள்ளியில் படித்து, அந்த நாட்டு ரயிலில் போய்வந்து, அங்கேயே வேலையும் தேடப்போகிற பையன் அந்த நாட்டுக்கு 2 ஆண்டு உழைப்பது நியாயம். பாட்டியாக எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பேரன் உரிமையை வாங்கிக்கொண்டு கடமையை விட்டு ஓடியவன் என்று பெயரெடுப்பதை நான் விரும்பவில்லை. மகளும் மருமகனும் யோசித்து அவனையும் சேர்த்துத்தான் விண்ணப்பித்தார்கள்.

இனி துரோகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். இரண்டு குடியுரிமையும் வைத்துக்கொள்ள வழியிருந்தால் என் மகள் இந்தியக் குடியுரிமையை விட நினைத்திருக்க மாட்டாள். நம் அரசியலமைப்பின் 9ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை, சிங்கப்பூரும் தருவதில்லை. அங்கே கொள்கையளவில் ஒப்புதல் வந்த பிறகு இந்தியக் குடியுரிமையைத் துறந்து, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பொன்னேரிப் பக்கம் மருமகனுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருப்பதால் இதை நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பெரம்பூர் தொகுதியில் இனி ஓட்டுப் போட முடியாதே என்று மகள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். ஊரை மறந்தவள் அப்படி வருத்தப்படுவாளா?

கடைசியாக, துரோகம் என்று கோபப்படுவதைவிட நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் கப்பல் பட்டறை வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போகிறார்கள். "போய் அஞ்சு வருஷம் இருந்தா சிட்டிசன் ஆயிடலாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பையனை எனக்குத் தெரியும். அது முழுப் பொய். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அதை வைத்து பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. படிப்பும் கூடுதல் சம்பளமும் உள்ள வேலைகளுக்குத் தரும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வழி. சிங்கப்பூர்க் குடிமக்களையோ பி.ஆர். வைத்திருப்பவர்களையோ ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் கல்யாணம் செய்துகொள்ளக்கூட அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் வருகின்றன. அதே பக்கத்தில், எந்த பாஸுக்கு என்ன உரிமை உண்டு, என்ன இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் வாராவாரம் போடுங்கள். வட சென்னையில் டீக்கடைக்கு டீக்கடை உங்கள் பேப்பர் கிடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் பையன்கள் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை – 39