சமணர்மலைக்கு ஒரு முழுநாள் கொடுங்கள்

மதுரையில் மலைநடை கூட்டிச்செல்லும் குழுக்களின் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் கீழக்குயில்குடிப் பக்கம் எட்டிப்பார்க்காத எத்தனையோ பேரை நீங்கள் சமணர்மலைக்கு அழைத்து வந்திருக்கிறீர்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் வந்தாள். அந்த நன்றியோடுதான் ஒரு கோரிக்கையை எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு அய்யனார் கோயில் முன்னால் கூடி, எட்டரைக்கெல்லாம் இறங்கிவிடும் நடை இந்த மலைக்குப் போதாது. உயரம் குறைவுதான், சின்னப் பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள். ஆனால் இங்கே பார்க்க வேண்டியவை ஒரே வேளையில் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. சமணச் சிற்பங்கள் வரிசையாக உள்ள பேச்சிப்பள்ளம் கிழக்குச் சரிவில் இருக்கிறது, செட்டிப்பொடவு என்னும் குகை தென்மேற்கில். ஒன்றுக்குக் காலை வெயில் வேண்டும், மற்றதற்குச் சாயங்கால வெயில்.

வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று சமணர் வணங்கும் எட்டுத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஒட்டி, தமிழை அந்நாளில் எழுதிய பழைய வரிவடிவமான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் மழையில் கரைந்த எழுத்து அது. உச்சிவெயிலில் நேராகப் பார்த்தால் பாறையும் எழுத்தும் ஒன்றாகிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒவ்வொரு கீறலுக்குள்ளும் நிழல் விழும், எழுத்து தானே எழுந்து வரும். போன வருடம் நான் வந்த ஒரு நடையில், கூட்டிவந்தவர் கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று சாக்பீஸை எடுத்துக் கல்வெட்டின் மேல் தேய்த்தார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அவர் தேய்த்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பையன்களும் ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. தயவுசெய்து சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வெளிச்சம் போதாத இடத்தில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், அதுவே போதும்.

அங்கே ஒரு கல்வெட்டு, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி பாண்டிய நாட்டின் பல மலைகளில் பேர் பதித்த சமணத் துறவி. இங்கே பேசுவது அவரைப் பெற்றவள். இதை நீங்கள் படித்துச் சொல்வதைவிட, வந்தவர்களே படிக்கும்படி செய்ய முடியும். ஏறுவதற்கு முன் ஆலமரத்தடியில் அரைமணி நேரம் உட்காரவைத்து, கு, ண, ம, தி, யா, ர் என்ற ஆறு எழுத்துக்கு மட்டும் வட்டெழுத்து வடிவத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். என் அக்கா மகளுக்கு நான் அப்படிக் கொடுத்தேன். ‘ண’வைக் கண்டுபிடித்தவள், அடுத்த எழுத்தைத் தேடி அரைமணி நேரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பத்து வயதுப் பிள்ளை.

அங்கிருந்து மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம். பாண்டிய மன்னன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் எழுந்த சமணப் பள்ளி, அதாவது துறவிகளின் மடம், அவன் அரசி வானவன் மாதேவியின் பேரால் அமைந்தது. உச்சியில் தீபத்தூண், அதன் பக்கத்தில் ஒரு கன்னடக் கல்வெட்டு. மதுரைக்குப் பக்கத்தில் கன்னடம் எப்படி என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், கேட்கவிடுங்கள். சுற்றிலும் கண்மாய்களும் வயலும், வடக்கே நீண்டு கிடக்கும் நாகமலையும் தெரியும். காற்றுக்கு முகம் கொடுத்துச் சும்மா நிற்கவும் நேரம் விடுங்கள்.

பத்தரைக்கு மேல் பாறை காலைச் சுடும், அதற்குள் இறக்கிவிடுங்கள். நடுப்பகலுக்குத் தாமரைக் குளத்தங்கரை நிழல் இருக்கிறது. சோற்றைக் கட்டி எடுத்து வரட்டும், இலையைத் திரும்ப எடுத்துப் போகட்டும். அந்த நேரத்தில் மைக்கை வைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அய்யனாரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. பேசுகிறவருக்கு வந்தவர்களிடம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கும் கொடுங்கள்.

நாலு மணிக்குச் செட்டிப்பொடவு. நீண்ட காதோடு அமர்ந்திருக்கும் பெரிய மகாவீரரைச் செட்டியார் என்று ஊர் நினைத்ததால் வந்த பேர். திருமேனியின் கீழே உள்ள கல்வெட்டு குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சொல்கிறது. குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே படித்த மாணாக்கர்தான் இங்கே வந்து செய்வித்திருக்கிறார்கள். குகைக்குள் தலையைத் தூக்கிப் பாருங்கள்: சிங்கத்தின் மேல் வில்லோடு ஓர் இயக்கி, சமணரின் காவல் தெய்வப் பெண், யானைமேல் வருகிறவனோடு போரிடுகிறாள். காலையில் அவசரமாக வருகிறவர்கள் வெளியே இருக்கும் மகாவீரரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், இவளைப் பார்ப்பதே இல்லை.

ஒரு நடைக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பேச்சிப்பள்ளத்துத் திட்டில் அதற்குமேல் நிற்க இடமில்லை, பின்னால் நிற்பவர் திருமேனிமேல்தான் சாய்வார்.

தை, மாசியில் வெயில் இதமாக இருக்கும். அப்படி ஒரு முழுநாள் நடையை யார் அறிவித்தாலும் நான் வருகிறேன். எழுத்துத் தாள்களை நானே எழுதிப் படியெடுத்துக் கொண்டு வருகிறேன், டார்ச்சும் இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் நடைகளில் பின்வரிசையில் வரும் ஒருவர்