என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் என் அம்மா களையெடுக்கும்போது வயலிலேயே தலைசுற்றி விழுந்தார். வயது 61. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்.

அதற்கு முந்தின வாரம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "சர்க்கரை ஏறியிருக்கு, சோத்தைக் குறைங்க, ஓட்ஸ், பழம் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா சொல் தட்டாதவர். ஓட்ஸ் வாங்கக் காசில்லை, சோற்றைக் குறைக்க மட்டும் முடிந்தது. காலைப் பழைய சோற்றை நிறுத்திவிட்டு, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். கூட வேலை செய்த அத்தை டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். இது உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு வயலுக்குப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொல்லையில் முருங்கை நிற்பது தெரிந்திருக்கும். சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று வேளையும் ஊறுகாய் தொட்டுக்கொள்கிறார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீடு வரை கொண்டுவருகிறது, அதற்கு நன்றி. ஆனால் மாத்திரையோடு வருகிறவர் அடுப்படியையும் எட்டிப் பார்க்கக் கூடாதா? ரேஷனில் ஒரு துறை அரிசியும் சர்க்கரையும் தருகிறது, இன்னொரு துறை அதைச் சாப்பிடாதே என்கிறது. நடுவில் நாங்கள் எதைத்தான் சாப்பிடுவது? 2023இல் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தார்களே, எங்கள் மாவட்டத்துக்கும் கொடுக்கும்படி நீங்கள் கேட்டால் உணவுத் துறை மறுக்குமா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் வரும் நாளில், உணவைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு அறிவுரை சொல்லட்டும்.

அம்மா வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். அன்றைக்காவது கேட்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்